ஞானஸ்நானம் எடுத்து 19 வருடம் ஆகியும் கோபம் மாறவில்லை. நித்திய ஜீவனுக்கு ஆயத்தப்படுவது என்றால் என்ன?

மண்பாத்திரம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. ஞானஸ்நானம் எடுத்து 19 வருடம் ஆகிறது. வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், சபையில் என்னைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. வீட்டுக்குள் நான் அந்த ஆள் இல்லை. அப்பாவுக்கு ஞாபகமறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு ராத்திரி, "கதவைப் பூட்டினாயா?" என்று கேட்டார். பூட்டிவிட்டேன் என்றேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பவும் கேட்டார். இப்படியே ஆறாவது தடவை கேட்டபோது அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தப் பூட்டின் மேல் வைத்து அழுத்தி, "பூட்டியிருக்கிறதா இல்லையா, நீங்களே பாருங்கள்" என்று கத்திவிட்டேன். என் பிடிக்குள் அவர் விரல்கள் நடுங்கியது தெரிந்தது. அந்நியனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். எனக்குத்தான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் பிரசங்கம், கர்த்தரைச் சந்திக்க ஆயத்தப்படுவது பற்றி. நாள் கணக்குப் போடுவது ஆயத்தம் இல்லை, தேவனுடைய குணம் நமக்குள் உருவாவதுதான் ஆயத்தம் என்றார் போதகர். சரியாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே யோசனை. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்றால் குணத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்? கடைசி எக்காளம் தொனிக்கும்போது ஒரு இமைப்பொழுதில் மறுரூபமாக்கப்படுவோம் என்று வேதமே சொல்கிறதே, எப்படியும் அன்றைக்கு மாறிவிடுவோம் என்றால் இன்றைக்கு இந்தப் போராட்டம் எதற்கு? இல்லை, குணம் அவசியம்தான் என்றால், 19 வருடத்தில் மாறாதவன் இனி மாறுவானா? வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், இதை அனுபவித்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிவக்கிளை

பிரதர், அந்த ராத்திரியை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. நிறையப் பேர் இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள். எபேசியர் 2:8-9ஐப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள், பத்தாம் வசனம் யாருக்கும் வராது. "கிரியைகளினால் உண்டானதல்ல" என்று எழுதின கையோடு பவுல், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று எழுதுகிறார். கிரியைகளினால் அல்ல, கிரியைகளுக்காக. 'ஆல்' என்ற உருபு எங்கே போகிறது, 'கு' என்ற உருபு எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. நல்ல குணத்தால் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதால் அப்பாவின் சாயல் வர ஆரம்பிக்கிறது. நீதிமானாக்கப்படுவது தேவன் தருகிற தீர்ப்பு, அதில் நம் பங்கு ஒன்றுமில்லை. பரிசுத்தமாகுதல் ஆயுள் முழுக்க நடக்கிற வேலை, அதில் நமக்கும் பங்கு உண்டு. பிலிப்பியர் 2:12 "பிரயாசப்படுங்கள்" என்கிறது, அடுத்த வசனமே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறது. இதில் ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒன்று சோம்பேறி ஆவோம், இல்லை நொந்துபோவோம்.

இமைப்பொழுது விஷயம். 1 கொரிந்தியர் 15ல் பவுல் அந்த இடத்தில் பேசுவது அழிவுள்ள சரீரம் அழியாமையைத் தரித்துக்கொள்வதைப் பற்றி. அதே அதிகாரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: "ஆகையால்" என்று ஆரம்பித்து, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று முடிகிறது. அன்றைக்கு எல்லாம் மாறிவிடும், அதனால் இன்றைக்குச் சும்மா இருங்கள் என்ற அர்த்தம் அதில் இல்லை. 1 யோவான் 3ம் அப்படியே. அவரைத் தரிசிக்கும்போது அவருக்கு ஒப்பாயிருப்போம் என்கிறவர் அடுத்த வரியில், இந்த நம்பிக்கை உள்ளவன் இப்போதே தன்னைச் சுத்திகரித்துக்கொள்ளுகிறான் என்கிறார்.

விழித்திரு

சகோதரி சொன்னது சரி. ஆனால் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிருபை கிருபை என்று சொல்லியே நாம் மாறாமல் இருக்கப் பழகிவிட்டோம். எபிரெயர் 12:14 "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்கிறது. ஒருவனும் என்றால் ஒருவனும்தான். மத்தேயு 25ல் இயேசு சொன்ன உவமையில் பத்துக் கன்னிகைகளும் மணவாளனுக்காகத்தான் புறப்பட்டார்கள், பத்துப் பேர் கையிலும் தீவட்டி இருந்தது. ஐந்து பேரிடம் எண்ணெய் இல்லை. மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் சேர்க்காத பொறுமையை நடுராத்திரியில் யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதற்கப்புறம் "கதவும் அடைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறது.

19 வருடம் என்கிறீர்கள். 2 பேதுரு 1ல் விசுவாசத்தோடு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறது, அதுவும் "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்". நீங்கள் ஜாக்கிரதையாக இருந்தீர்களா, இல்லை அதுவாக வரும் என்று விட்டுவிட்டீர்களா? உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்பாத்திரம்

கேட்டுக்கொண்டேன் ஐயா. பொய் சொல்லப்போவதில்லை, பெரும்பாலும் அதுவாக வரும் என்றுதான் விட்டிருக்கிறேன். கோபத்துக்காக ஜெபித்திருக்கிறேன், ஆனால் கோபத்தோடு சண்டை போட்டதில்லை. "கதவும் அடைக்கப்பட்டது" என்று வாசித்ததும் அந்தப் பூட்டும் அப்பாவின் விரல்களும்தான் கண்முன் வந்தது. நேற்று ராத்திரி தூங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், வாதத்துக்காக இல்லை. சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு எண்ணெய் சேர்க்க நேரம் எங்கே இருந்தது?

பழைய_துருத்தி

தம்பி, முதலில் தூங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டபோது தேவன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், எழுப்பிச் சாப்பிட வைத்தார், திரும்பவும் தூங்கவிட்டார். பேச்சு அதற்கப்புறம்தான். எட்டு வருடம் என் அம்மாவை இதே நோயில் பார்த்துக்கொண்டவன் நான். தூக்கமில்லாமல் மூன்று வருடம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற உடம்பில் பொறுமை சீக்கிரம் தீர்ந்துபோகும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவி கேட்பதும் தாழ்மைதான், எனக்கு அது கடைசிவரை வரவே இல்லை.

கள்ளனைப் பற்றிக் கேட்டீர்களே, லூக்கா 23ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். அவனுக்கு இருந்தது சில மணி நேரம். அதற்குள் என்னவெல்லாம் செய்கிறான்! "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று தன் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான், பழியை யார் மேலும் போடவில்லை. இவர் தகாத ஒன்றையும் செய்யவில்லை என்று, எல்லாரும் கேலி செய்கிற ஒருவருக்காக வாய் திறக்கிறான். பக்கத்தில் தொங்குகிறவனுக்கு, நீ தேவனுக்குப் பயப்படுகிறதில்லையா என்று புத்தி சொல்கிறான். அவனை இரட்சித்தது இது எதுவும் இல்லை, இயேசு சொன்ன ஒரு வார்த்தைதான். ஆனால் குணம் மாறுவதும் அங்கேயே, அந்த மரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு நேரம் குறைவு. உங்களுக்கும் எனக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்.

அடுத்தது மோசே. கோபக்காரர்கள் எல்லாருக்கும் மோசே வேண்டும். ஏறக்குறைய 40 வயதில் எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்தவன். அப்புறம் மீதியானில் 40 வருடம் ஆடு மேய்க்கிறான். எண்ணாகமம் 12:3க்கு வரும்போது பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று பெயர். இதோடு முடிந்திருந்தால் அவன் நமக்கு எட்டாத ஆள். 20ஆம் அதிகாரத்தில், வனாந்தரப் பயணத்தின் கடைசி வருடங்களில், "கலகக்காரரே" என்று கத்தி, பேசச் சொன்ன கன்மலையை இரண்டு தரம் அடிக்கிறான். அந்த அதிகாரத்தின் முதல் வசனம் மிரியாமின் மரணம். நாணற்பெட்டியில் கிடந்தபோது தூரத்தில் நின்று காவல் காத்த அக்காள். அக்காளைப் புதைத்த துக்கத்தில்தான் அடித்தான் என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவோடு இருந்த நாட்களில் அந்த முதல் வசனத்தை நான் தாண்டிப்போனதே இல்லை. அடித்ததற்கு விளைவு இருந்தது, கானானுக்குள் அவன் போகவில்லை. ஆனாலும் மறுரூபமலையில் இயேசுவோடு நின்று பேசுகிறவன் யார்? அதே மோசே.

இப்போது உங்கள் கேள்வி. இங்கிலீஷில் கேரக்டர் என்கிறோமே, அது கிரேக்கத்தில் 'கரக்டேர்'. நாணயத்தில் அடித்துப் பதிக்கிற முத்திரைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். புதிய ஏற்பாட்டில் அது ஒரே இடத்தில்தான் வருகிறது, எபிரெயர் 1:3ல், அதுவும் நம்மைப் பற்றி இல்லை, இயேசுவைப் பற்றி. தேவனுடைய "தன்மையின் சொரூபம்" என்று நம் வேதாகமத்தில் இருப்பது அந்தச் சொல்தான். அப்படியென்றால் தேவனுடைய குணம் என்பது நாம் பட்டியல் போட்டு வளர்க்கிற நல்ல பழக்கங்கள் இல்லை, ஒரு ஆள். அவர் நம்மேல் பதிய வேண்டும். பதிவது எங்கே? எனக்குத் தெரிந்தவரை, கோபம் வருகிற நிமிஷத்தில் இல்லை, கோபப்பட்டு முடித்த அடுத்த நிமிஷத்தில். அந்த நிமிஷத்தில் நம் முன்னால் இரண்டு வழி இருக்கும். அவருக்கு மறந்துவிட்டது, விடு என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வது ஒன்று. போய் முழங்கால் போட்டு, அப்பா நான் உங்கள் கையை இழுத்தேன், அது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று சொல்வது இன்னொன்று. அவருக்கு ஞாபகம் இருக்காதே, அப்புறம் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒருவர் நினைவு வைத்துக்கொள்ளாத இடத்தில், நன்றி வராத இடத்தில், யாரும் பார்க்காத இடத்தில் செய்வதையும் பார்க்கிறவரைத்தான் இயேசு அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா என்றார்.

1 கொரிந்தியர் 13ல் தீர்க்கதரிசனம் ஒழியும், அந்நியபாஷை ஓயும், அறிவும் ஒழியும், அன்பு ஒருக்காலும் ஒழியாது என்று இருக்கிறது. இங்கே கற்றுக்கொள்வதில் அங்கேயும் செல்லுபடியாகிறது அது ஒன்று. உங்கள் அப்பா ஏழாவது தடவை கேட்கும்போது நீங்கள் கற்றுக்கொள்வது அதைத்தான். நித்திய ஜீவன் அவரை அறிவது என்றால் (யோவான் 17:3) அது செத்தபின் ஆரம்பிப்பது இல்லை தம்பி, உங்கள் வீட்டில் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது.

எளியவள்

நான் கத்தோலிக்கப் பெண், எங்கள் பேச்சுவழக்கு கொஞ்சம் வேறாக இருக்கும். இறப்புக்குப் பிறகு தூய்மையாவதைப் பற்றி எங்கள் திருச்சபையின் போதனையும் வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. வசனம் மட்டும் போதாது என்றீர்கள் என்பதால், செய்கிறதற்கு ஒன்று எழுதுகிறேன்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் முதலில் படைவீரர். 1521ல் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதுதான் மனம் மாறினார். அவர் சொல்லிக்கொடுத்த ஆன்மச் சோதனையில் எனக்குப் பிடித்தது, எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் இன்று இதில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம். மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி. விழுந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும், கூட்டத்தின் நடுவில் இருந்தாலும் வைக்கலாம், யாருக்கும் தெரியாது என்கிறார்.

நான் 'வெடுக்கென்று பேசுவது' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் செய்கிறேன். புள்ளிகள் மறைந்துவிடவில்லை. ஆனால் முன்பெல்லாம் இரவில்தான் தெரியும், இப்போது பேசும்போதே தெரிகிறது, சில நாள் வாய் திறக்கும் முன்பே கை நெஞ்சுக்குப் போகிறது. ஒரு எச்சரிக்கை: புள்ளி எண்ணுவதிலிருந்து தொடங்காதீர்கள். அந்த நாளில் கடவுள் தந்தவற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு, தூய ஆவியாரின் ஒளியைக் கேட்டுவிட்டு, அப்புறம் எண்ணுங்கள். இல்லாவிட்டால் கோவிலில் தன்னையே புகழ்ந்து ஜெபித்த பரிசேயன் மாதிரி ஆகிவிடும், அல்லது நம்மை நாமே வெறுக்க ஆரம்பித்துவிடுவோம்.

விழித்திரு

மண்பாத்திரம் சகோதரருக்கு. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது நான்தான் என்று நினைக்கிறேன். அதற்காக வருத்தப்படுகிறேன். நான் எழுதிய வசனங்களை மாற்றிச் சொல்லப்போவதில்லை, ஆனால் அதே உவமையை நேற்று திரும்ப வாசித்தபோது நான் சொல்லாமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. மணவாளன் வரத் தாமதித்தபோது "எல்லாரும்" தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும்தான். இருபது வருடமாக இந்தப் பகுதியைப் பேசியிருக்கிறேன், அந்த ஒரு சொல்லில் நின்றதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1742ல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்தார்கள். ஆரம்பத்தில் அது கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கிற ஏற்பாடு. வசூலிக்கப் போனவர்கள், கூட்டத்தில் பார்த்த ஆள் வீட்டில் வேறு மாதிரி இருப்பதைக் கண்டார்கள். அப்புறம் அதுவே ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற குழுவாக ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் நடந்ததை நீங்களே வந்து சொன்னீர்கள். என் வீட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது, என் மூத்த மகனோடு. கண்டிப்பு என்ற பெயரில் நான் பேசினவை. அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, அதனால் எழுதினேன். எனக்காக ஜெபியுங்கள்.

மண்பாத்திரம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். விழித்திரு ஐயாவுக்காகவும் அவர் மகனுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

சித்தப்பா மகன் வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து படுத்துக்கொள்கிறான். கேட்டேன், வந்தான், இத்தனை நாள் நான்தான் கேட்கவில்லை. எளியவள் சகோதரி சொன்ன புள்ளிகளை காலண்டரில் தேதிக்குக் கீழே வைக்கிறேன். முதல் வாரம் 23. போன வாரம் 14, நடுவில் ஒரு வாரம் 30க்கு மேல் போயிற்று. கத்துவது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கையை இழுக்கவில்லை.

துருத்தி அண்ணன் சொன்னதைச் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒரு ராத்திரி அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் கீழே உட்கார்ந்து, அவருடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அன்றைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன், மன்னித்துவிடுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ எதற்குடா கத்தப்போகிறாய்?" என்று என் தலையில் கையை வைத்தார். சின்ன வயதில் ஜெபித்துவிட்டு அப்படித்தான் வைப்பார். நான் அழுது முடிக்கிறவரை எடுக்கவில்லை.

அப்புறம் கேட்டார், "கதவைப் பூட்டினாயா?"

பூட்டிவிட்டேன் அப்பா, வாருங்கள், போய்ப் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தோம். அன்றைக்கு நான்கு தடவை போனோம்.